சில்லானுக்குக் கொஞ்சம் வெயில்

மனம் ஓரிடத்தில் நிற்காத ஒருவர் பாவாத்தாள் அம்மையைத் தேடி வந்தார்.

பெயர் செங்கோடன். முப்பது வருஷம் தாராபுரம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டியவர். வண்டியை விட்டு இறங்கிய பிறகு வீட்டில் அவரால் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதும் கடிகாரத்தைப் பார்த்தார். தூங்கி எழுந்தால் எங்கேயோ தாமதமாகிவிட்டது போலப் பதறினார். மனைவி இறந்து மகள் வீட்டில் இருந்தார். ஒருநாள் மகள் சொல்லிவிட்டாள்: "அப்பா, நீங்க இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடக்கறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அம்மைக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவுதான். ஊருக்கு வெளியே ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். வீட்டைச் சுற்றிலும் மேய்ச்சலுக்கென்றே விட்ட மேட்டு நிலம். அந்தப் பக்கத்தில் அதைக் கொறங்காடு என்பார்கள். நாலு பக்கமும் கிளுவை வேலி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், மற்றதெல்லாம் புல். யாரோ ஒரு பண்ணாடி, பெரிய நிலக்காரர், அதை அம்மைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். அம்மை பிரசங்கம் செய்வதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் இல்லை.

"மனசு நிக்க மாட்டேங்குதுங்கம்மா," என்றார் செங்கோடன்.

"எங்க போகுது?"

"எங்கேயும் போகலீங்க. சும்மா போய்க்கிட்டே இருக்குது."

அம்மை சிரித்தார். வெளியே கையைக் காட்டினார்.

"இந்தப் புல்லுக்குள்ள ஒரு பூச்சி இருக்குதுங்கண்ணா. மொட்டைச் சில்லான்னு சொல்லுவாங்க. வெயில் சாயற நேரத்துல பாடும். போய் உக்காந்து அது பாடறதைக் கேட்டுட்டு வாங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். ஆனா கால் சத்தம் கேட்டா நிறுத்திக்கும். ஆள் போயாச்சுன்னு அதுக்குத் தோணணும். அப்பத்தான் மறுபடியும் ஆரம்பிக்கும்."

செங்கோடன் போய் உட்கார்ந்தார். புல் தொடையில் குத்தியது. எறும்பு ஏறியது. தலைக்கு மேல் ஒரு துளி நிழல் இல்லை. கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் வலது கால் தானாக நீண்டு தரையை அழுத்தியது. புல் சரசரத்தது. எங்கேயோ தொடங்க இருந்த ஏதோ ஒன்று அடங்கிப்போனது போலிருந்தது.

"கேட்டுச்சுங்களா?" என்றார் அம்மை.

"இல்லீங்க. காலு சும்மா இருக்கலை."

"என்ன பண்ணுச்சு?"

"பிரேக்கை மிதிச்சுதுங்க."

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். ஒவ்வொரு நாளும் முன்னைவிடச் சீக்கிரமாகவே எழுந்து வந்தார்.

"எனக்கு ஒரு வேலை கொடுங்கம்மா. சும்மா உக்காரறது எனக்கு ஆகாதுங்க."

"என்ன வேலை?"

"இத்தனை நிலம் வெறுமனே கெடக்குதுங்களே. மரம் வைக்கறேன். வர்றவங்களுக்கு நிழலாச்சு. உங்களுக்கும் புண்ணியமாச்சு."

"கொஞ்சம் பொறுங்க. முதல்ல சொன்னதை முடிங்க."

அவர் பொறுக்கவில்லை. அந்த வாரம் அம்மை உடம்பு சரியில்லாத தங்கையைப் பார்க்க வெள்ளக்கோவில் போயிருந்தார். திரும்பி வந்தபோது நிலம் முழுக்கக் குழி. மரம் நடும் ஓர் அறக்கட்டளையிலிருந்து லாரியில் நாற்று வந்து இறங்கியிருந்தது. புங்கன், வேம்பு, மலைவேம்பு. செங்கோடன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை மண்ணோடு, குழிக்கும் குடத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

அம்மை வேலியோரம் வெகுநேரம் நின்றார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

செங்கோடன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கையில் வேலை வந்ததும் அவருக்கு எல்லாம் சரியானது. விடியும் முன் எழுந்து தண்ணீர் விட்டார். ஆடு உள்ளே வராமல் படல் கட்டினார். மேற்கு மூலையில் மட்டும் பாறை மேலாக இருந்ததால் வைத்தவையெல்லாம் கருகின. மறுபடி வைத்தார், மறுபடியும் கருகின. கடைசியில் அந்த மூலையைப் பார்க்கவே பிடிக்காமல், உடைந்த குழாயையும் காலிப் பைகளையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டினார். மற்ற இடமெல்லாம் மரம் எழும்பியது. நாலைந்து மழைக்காலம் போனபின் அது ஒரு தோப்பு. வெளியூரிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். அறக்கட்டளைக்காரர்கள் மாலை போட்டு, 'செங்கோடன் சோலை' என்று ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் வேலை முடிந்து மலைவேம்பின் அடியில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கால் அசையவே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஓட்டமும் நடையுமாக அம்மையிடம் போனார்.

"உக்காந்துட்டேனுங்கம்மா! மனசு அப்படியே குளத்துத் தண்ணி மாதிரி நின்னுபோச்சு."

"சந்தோஷம். அப்ப முதல்ல சொன்னதை முடிச்சிருங்க."

"எது?"

"சில்லான் பாடறதைக் கேட்டுட்டு வாங்க."

அவருக்கு அது இப்போது ஒரு பெரிய காரியமாகவே தோன்றவில்லை. மறுநாள் மாலை போய் உட்கார்ந்தார். அசையாமல் இருந்தார். மைனா கத்தியது. அணில் கத்தியது. இலை விழுந்தது. சில்லான் பாடவில்லை.

அடுத்த நாள் வேறு மரத்தடிக்கு மாறினார். அதற்கடுத்த நாள் தோப்பின் நடுவில். மாதம் ஒன்று ஓடியது.

"பாடலீங்கம்மா."

"உக்காருங்க."

"நான் அசையவே இல்லீங்க. சத்தியமா."

"தெரியும்."

"பின்ன ஏன் பாட மாட்டேங்குது?"

அம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டார். செங்கோடனுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. ஏதோ ஒன்று தப்பாகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் ஜமீலா வந்தாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண். முதுகில் பை, கையில் ஒலி பிடிக்கும் கருவி. வேலிப் படலருகே நின்றவள் தோப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே வரவில்லை.

"வா அம்மிணி, நிழலுக்கு வா," என்று செங்கோடன் கூப்பிட்டார்.

"ஐயா, இங்க ஒரு கொறங்காடு இருந்துச்சே?"

"இதுதான். எப்படி இருந்த இடம் பாரு, இப்ப எப்படி இருக்குது!"

அவள் முதுகுப் பையைக் கீழே இறக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு? வெயில் ஒத்துக்கலையா?"

"இல்லீங்கய்யா. நான் மொட்டைச் சில்லானைத் தேடி வந்தேன்."

செங்கோடன் அவளையே பார்த்தார்.

"அது எங்க இருக்குது?" என்று கேட்டார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஜமீலா மெதுவாகச் சொன்னாள். அதற்கு இறக்கை நகக்கண் அளவுதான். பாட உதவும், பறக்க உதவாது. ஓர் இடம் கெட்டால் இன்னோர் இடத்துக்குப் போக அதற்கு வழியில்லை. கொழுக்கட்டைப் புல்லின் வேருக்குப் பக்கத்தில், வெயில் நேராக விழும் மண்ணில்தான் முட்டை வைக்கும். மண் குளிர்ந்தால் முட்டை பொரிக்காது. நிழல் விழுந்தால் அந்தப் புல்லும் நிற்காது.

"நான் போன இடமெல்லாம் உழுதுட்டாங்க. சில இடத்துல சைட் போட்டுட்டாங்க. சில இடத்துல சோலார் போட்டுட்டாங்க. இது அம்மையோட நிலம், யாரும் தொட்டிருக்க மாட்டாங்கன்னு நினைச்சு வந்தேன்."

"நான் மரந்தானே வெச்சேன்," என்றார் செங்கோடன்.

அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"எங்க பேராசிரியர் ரொம்ப வருஷத்துக்கு முந்தி பதிவு பண்ணினது. இதே காட்டுல."

தையல் மிஷினில் நூல் அறுந்துபோன பிறகும் ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருப்பது போல ஒரு மெல்லிய ஓசை. நின்றது. மறுபடி ஓடியது. இன்னொன்று தூரத்திலிருந்து அதற்குப் பதில் சொன்னது. பிறகு இன்னொன்று. பிறகு எத்தனை என்று சொல்ல முடியாதபடி காடே ஓடிக்கொண்டிருந்தது.

அம்மை கேட்கச் சொன்ன பாட்டைச் செங்கோடன் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டார். கைப்பேசியில்.

எழுந்தார். நேராக அம்மையிடம் போனார்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் சத்தம் குறைஞ்சுட்டே வந்துச்சு."

"பின்ன ஏன் என்னைத் தடுக்கலை?"

அம்மை தோப்பின் பக்கம் பார்த்தார்.

"அன்னிக்கு உங்க முகத்துல முதல் தடவையா ஒரு நிறைவைப் பாத்தேன். அதைக் கெடுக்க மனசு வரல. அப்புறம் நிழலும் பழகிப்போச்சு." குரல் தாழ்ந்தது. "எனக்கும் சுகமாத்தான் இருந்துச்சுங்கண்ணா."

செங்கோடன் அதற்குமேல் நிற்கவில்லை. கொட்டகையில் கிடந்த கோடாலியை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் ஓடினார். பெரிய மலைவேம்பில் முதல் வெட்டு விழுந்தது. சிம்புகள் தெறித்தன. ஜமீலா ஓடி வந்தாள்.

"ஐயா, நிறுத்துங்க! எல்லாத்தையும் ஒரேயடியாச் சாய்ச்சா மண்ணெல்லாம் கிளறிப் போயிடும். எங்காச்சும் ஒண்ணு ரெண்டு மிச்சமிருந்தா அதுவும் செத்துரும்."

அவர் காதில் விழவில்லை. இன்னொரு வெட்டு. இன்னொன்று. மூச்சு வாங்கியது. கண்ணில் வியர்வை இறங்கியது.

கோடாலியை மறுபடி ஓங்கியபோது எதிரே அம்மை இருந்தார். மரத்தடியில், வெட்டு விழும் இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"தள்ளுங்கம்மா."

"உக்காருங்க."

"உக்காந்து உக்காந்துதான் இந்தக் கதி."

"நீங்க எப்ப உக்காந்தீங்க?"

கோடாலி அவர் கையில் அப்படியே நின்றது. கீழே இறக்கினார்.

அம்மை எழுந்து அவருடைய கையைப் பிடித்து, உள்ளங்கையை மரத்தடி மண்ணில் வைத்து அழுத்தினார். மண் சில்லென்றிருந்தது. பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு தோப்பைத் தாண்டி நடந்தார். வெயில் தொடங்கும் இடத்தில் குனிந்து, அதே கையை மறுபடியும் மண்ணில் வைத்தார். சுட்டது. செங்கோடன் கையை இழுக்கப் பார்த்தார். அம்மை விடவில்லை.

"இந்தச் சூடு எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் தேடுங்க."

சூடு மேற்கு மூலைக்குப் போனது. கருகிய நாற்றுகளும் உடைந்த குழாய்களும் கிடந்த மூலைக்கு. பாறைக்கும் வேலிக்கும் நடுவே, அவர் கொட்டிய குப்பைக்கு அந்தப்பக்கம், ஓர் ஆள் படுக்கிற அகலத்தில் புல் நின்றது.

மூவரும் தள்ளி உட்கார்ந்தார்கள். வெயில் சாய்ந்தது. செங்கோடனுக்கு நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பு அதற்குக் கேட்டுவிடுமோ என்றிருந்தது. மூச்சைக்கூடச் சின்னதாக விட்டார்.

பாடியது.

ஒன்றே ஒன்று. கொஞ்சம் ஓடி நின்றது. பதிலுக்குக் காத்திருப்பது போல நின்றது. மறுபடி ஓடியது. மறுபடி காத்திருந்தது. பதில் வரவில்லை. இருட்டும் வரை அது விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

செங்கோடன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஜமீலா உடனே ஊருக்குப் போகவில்லை. அம்மை வீட்டிலேயே தங்கினாள். தினமும் மாலை மூவரும் அங்கே போனார்கள். ஒரு மாலை வேலிக்கடியிலிருந்து இன்னொரு குரல், மிகச் சன்னமாக. ஜமீலா செங்கோடனின் கையை அழுத்தினாள். அவர் அசையவில்லை.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கியது. எந்த மரத்தின் நிழல் எந்நேரத்தில் அந்த மூலையில் விழுகிறது என்று பார்த்தார்கள். வெட்ட வேண்டிய அந்த மரங்களுக்கு அடையாளமாகச் சுண்ணாம்பு பூசினார்கள். கை ரம்பத்தால், கிளை கிளையாக, கீழே மிதி படாமல் இறக்கினார்கள். அம்மை தழைகளை இழுத்துப் போட்டார். அவருடைய கைகளிலும் ரத்தம் கசிந்தது. பெரிய மலைவேம்பும் சுண்ணாம்பு பூசிய வரிசையில் இருந்தது. அதைச் செங்கோடன் தானே அறுப்பேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அறக்கட்டளைக்காரர்கள் செய்தி கேட்டு வந்தார்கள். படம் பிடித்தார்கள். மாலை போட்ட அதே ஆள் சத்தம் போட்டார்.

"ஒரு பூச்சிக்காக மரத்தை வெட்டறீங்களே, இது பாவமில்லையா?"

"பாவந்தானுங்க," என்றார் செங்கோடன். ரம்பத்தை நிறுத்தவில்லை.

பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஊரில் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். டீக்கடையில் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார், "என்னங்க, வெச்சதும் நீங்க, வெட்டறதும் நீங்களா?" அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். மகள் போன் செய்து அழுதாள். என்ன சொல்வதென்று தெரியாமல், மழை பெய்ததா என்று அவளிடம் கேட்டார்.

புல் உடனே வரவில்லை. முதல் மழைக்குப் பார்த்தீனியம்தான் வந்தது. அதை வேரோடு பிடுங்கினார். அளவாக மேய்ந்தால்தான் புல் தழைக்கும் என்று ஜமீலா சொன்னதால், படலைத் திறந்து ஆடுகளை உள்ளே விட்டார். அடுத்த மழைக்குத்தான் கொழுக்கட்டைப் புல் தலை காட்டியது. பாறையை ஒட்டி ஒரு பாய் அகலம், பிறகு ஒரு களம் அகலம். தோப்பில் பாதி இன்னும் நின்றது. அதையும் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று ஜமீலா வரும்போதெல்லாம் மூவருக்கும் பேச்சு நீண்டது, முடியவில்லை. சில மாலைகளில் நாலைந்து குரல் கேட்டது. சில மாலைகளில் ஒன்றுகூட இல்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். மேகம் கட்டி நின்றது, மழை இறங்கவில்லை. அம்மை வாசலில் உட்கார்ந்து பாதத்தில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். செங்கோடன் மூலைக்குப் போனார், வந்தார். வானத்தைப் பார்த்தார். மறுபடி போனார். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா."

"சொல்லுங்கண்ணா."

"மனசு கெடந்து அடிச்சுக்குதுங்க. மழை தள்ளிப்போனா பயமா இருக்குது. பெஞ்சா, முட்டை அழுகிப்போயிருமோன்னு பயமா இருக்குது. ஆடு அதிகம் மேஞ்சாலும் பயம், மேயாம விட்டாலும் பயம். ஒருநாள் பாடலைன்னா அன்னிக்குச் சோறு எறங்கறதில்லை."

"ம்."

"அந்தத் தோப்புக்குள்ள உக்காந்தப்ப எத்தனை அமைதியா இருந்துச்சு. அது போயே போச்சுங்க. திரும்பி வருமுங்களா?"

முள் வந்துவிட்டது. அம்மை அதை விரல் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, தள்ளி எறிந்தார்.

"அந்த அமைதிக்குள்ள உங்களைத் தவிர வேற யாருங்கண்ணா இருந்தாங்க?"

செங்கோடன் எழுந்தார். மறுபடி மூலைப் பக்கம் நடந்தார்.